டிரசர் நோட்டும் டாக்டர் கணிப்பொறியும்



தோட்டத்து மருத்துவமனை என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன நினைவு வருகிறது? மருந்து நெடி, நீண்ட பெஞ்சு, குப்பியில் ஊற்றித் தந்த கசப்பு மருந்து, மேசைக்கு அந்தப்புறம் அமர்ந்திருந்த டிரசர். அவர் முன்னே ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் விரிந்திருக்கும். பெரட்டுக்குப் போக முடியாமல் வந்து நிற்பவரிடம், “உடம்புக்கு என்ன?” என்பார். “காய்ச்சலுங்க” என்று பதில் வரும். பெயர், செக்ரோல் எண், நோய், கொடுத்த மருந்து என ஒரே வரியில் எழுதி முடித்து, அடுத்தவரைக் கூப்பிடுவார்.

இன்று நாம் அரசாங்க மருந்தகத்துக்குப் போனால், பல இடங்களில் டாக்டரின் மேசைமேல் கணிப்பொறி இருக்கிறது. நோட்டு போய்த் திரை வந்துவிட்டது. நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே டாக்டர் விசைகளைத் தட்டுகிறார்.

இந்த மாற்றத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். நோயாளி சொன்னதை எழுதி வைப்பது எதற்காக? எழுதும் கருவி மாறினால் எழுதப்படும் செய்தியும் மாறிவிடுமா? புதிய கருவி நல்லதா என்பதை யார், எப்படிச் சோதிப்பது? இவை படித்தவர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய கேள்விகள் அல்ல. நம் பிள்ளைகளின் உயிரும் நலமும் இவற்றில் அடங்கியிருக்கின்றன.

முதலில் நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1901ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துக்கு மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் வந்து சேர்ந்தார். அன்று மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களில் நம் முன்னோரைக் கூட்டங் கூட்டமாக அழித்துக்கொண்டிருந்தது. எந்தத் தோட்டத்தில் மலேரியா அதிகம், எதில் குறைவு என்று அறிய வாட்சன் கையாண்ட வழிகளுள் ஒன்று மிக எளிமையானது. குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். அடிக்கடி மலேரியா கண்ட குழந்தைக்கு மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படும். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்று எண்ணி எழுதிக்கொள்வார். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டிய தோட்டத்தையும் வெட்டாத தோட்டத்தையும் அந்தக் கணக்கால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அவர் எழுதிய மலேரியாத் தடுப்பு நூல் 1911இல் வெளிவந்தது. ஒரு கை, ஒரு பென்சில், ஒரு நோட்டு: இவைதாம் கருவிகள். யாரும் கற்றுக்கொள்ளலாம், குழந்தைக்கும் வலியில்லை. ஆராய்ச்சிக் கருவி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நாம் எல்லாரும் முதலில் தேடிப் போகிற சிறிய மருந்தகத்தில் தரப்படும் சிகிச்சையை முதல்நிலை மருத்துவம் என்கிறோம். அங்கே எழுதப்படும் குறிப்புகளைக் கொண்டு நோய்களை ஆராயும் முறை இங்கிலாந்து நாட்டில் நெடுங்காலமாக வளர்ந்து வந்திருக்கிறது. நோட்டிலிருந்து கணிப்பொறிக்கு அந்நாட்டுக் குடும்ப டாக்டர்கள் வந்த வரலாறு நமக்கும் பாடமாகும். ஆகவே இனி அங்கே செல்வோம்.

பர்ன்லி என்பது பருத்தி நெசவாலைகள் நிறைந்த தொழிலாளர் நகரம். 1879ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மெக்கன்சி என்ற இளம் டாக்டர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். இதய நோயிருந்த ஓர் இளம்பெண் பிரசவ வேளையில் அவர் கண்முன்னே இறந்து போனாள். இந்தப் பெண்ணுக்கு ஆபத்து உண்டு என்று முன்கூட்டியே ஏன் நம்மால் சொல்ல முடியவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. அன்று முதல் தம்மிடம் வந்த நோயாளிகளின் நாடித் துடிப்பை ஆண்டுக்கணக்காகக் குறித்து வைக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் நாடியைப் பதிவு செய்ய ஒரு கருவி இருந்தது. விளக்குப் புகையில் கரி படிய வைத்த காகிதத்தின் மேல் ஒரு முள் கீறிச் செல்லும். கை பட்டால் கரி அழியும். சில துடிப்புகளைப் பதிவதற்குள் காகிதம் தீர்ந்துவிடும். வீடு வீடாக நடந்து நோயாளிகளைப் பார்க்கும் டாக்டருக்கு இது எப்படி ஒத்து வரும்? மெக்கன்சி அருகிலுள்ள பாடிஹம் என்ற ஊரில் கடிகாரம் செய்பவர் ஒருவரின் உதவியை நாடினார். இருவர் முயற்சியால், நீண்ட காகிதச் சுருளில் மையால் எழுதும் கருவி 1906ஆம் ஆண்டளவில் உருவாயிற்று. கையில் எடுத்துச் சென்று, நோயாளியின் படுக்கை அருகிலேயே வைத்துப் பயன்படுத்தலாம்.

இத்தகைய பதிவுகளால் விளைந்த நன்மை என்ன? நாடி சிறிது தப்பித் துடித்தாலே இதயம் கெட்டுவிட்டது என்று அஞ்சி, வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள் அக்காலத்தில் பலர். அந்தத் தப்புத் துடிப்புகளில் சில வகை தீங்கற்றவை என்று மெக்கன்சி காட்டினார். அதே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவர்கள் நலமாக வாழ்ந்ததைக் கண்டே அவர் அப்படிச் சொன்னார். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வருபவர் வில்லியம் பிக்கிள்ஸ். யார்க்‌ஷயர் மலைப்பள்ளத்தாக்கில் ஆய்ஸ்கார்த் என்ற சிற்றூரில் டாக்டராக இருந்தவர். மெக்கன்சியின் நூல் ஒன்றை 1926இல் படித்து ஊக்கம் பெற்றவர். 1929ஆம் ஆண்டில் சுமார் 5,700 பேர் வாழ்ந்த அவர் வட்டாரத்தில் 250 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. யார் யாரை எந்த நாளில் சந்தித்தார், எந்த நாளில் படுத்தார் என்று பிக்கிள்ஸ் விசாரித்து விசாரித்து எழுதினார். நோய் கண்டிருந்த ஒரு பெண் கிராமத்துக் கொண்டாட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தாள். அன்றைய ஒரே நாளில் அவளோடு பழகியவர்கள் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து நோயில் விழுந்தார்கள். காமாலை உடலுக்குள் புகுந்து வெளிப்பட 26 முதல் 35 நாள் ஆகிறது என்று அவர் கணக்கிட்டார்.

பெரிய நகரத்து மருத்துவமனையில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியாது. ஊர் முழுவதையும் அறிந்த டாக்டருக்கே இது இயலும். கோவில் திருவிழாவுக்கு எந்த லயத்திலிருந்து யார் வந்தார் என்று தோட்டத்து டிரசருக்குத் தெரிந்திருந்தது போலத்தான். கட்டம் போட்ட தாளில் நோய்க்கொரு நிறமாகக் குறியிட்டு, நாள்தோறும் ஒரு கட்டத்தை நிரப்புவது பிக்கிள்ஸின் பழக்கம். வீட்டாரும் துணை செய்தனர். கட்டத்தை நிரப்பச் சிறிது நேரமே பிடித்ததால்தான் ஆண்டுக்கணக்காக அவரால் விடாமல் செய்ய முடிந்தது. 1939இல் அவருடைய நூல் வெளிவந்தது. பின்னர் 1953இல் அந்நாட்டுக் குடும்ப டாக்டர்கள் கழகத்தின் முதல் தலைவராகவும் அவர் ஆனார்.

மூன்றாமவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். தெற்கு வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் 1961 முதல் பணியாற்றினார். நோய் கண்டு வருபவரை மட்டும் பார்த்தால் போதாது, வராதவரையும் தேட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1968இல் கிராமத்து வயது வந்தோர் அனைவருக்கும் இரத்த அழுத்தம் பார்க்கும் வேலையைத் தொடங்கினார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ, அவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நமக்கு இது புதிய செய்தியா?

வராதவர் யார் என்று அறிய வேண்டுமானால் எல்லாருடைய பெயரும் கணக்கில் இருக்க வேண்டும். இங்கேதான் பழைய குறிப்பு முறைக்குச் சிக்கல் வந்தது. 1911ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டத்துக்குப் பிறகு, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறிய காகித உறை வைக்கும் வழக்கம் அந்நாட்டில் ஏற்பட்டது. குறிப்புகளை மடித்து அதற்குள் திணிப்பார்கள். ஒருவருடைய உறையை எடுப்பது எளிது. ஆனால் ‘என் நோயாளிகளில் நீரிழிவு உள்ளவர் எத்தனை பேர்?’ என்று கேட்டால், ஆயிரக்கணக்கான உறைகளைப் பிரித்துப் படிக்க வேண்டும். 1955-56இல் 106 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து ஓராண்டுக் கணக்கு எடுத்தன. 1960இல் நோய்க்கொரு பக்கம் ஒதுக்கிய தனித் தாள் புத்தகம் ஒன்றை ஒரு டாக்டர் அறிமுகம் செய்தார். பயனுள்ளதே, ஆயினும் ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருந்தது. மாலையில் களைத்துப் போன டாக்டர் இரண்டாவதை எழுத மறப்பது இயற்கை.

ஆகவே கணிப்பொறி வந்தபோது வரவேற்பு இருந்தது. 1970இல் எக்ஸிட்டர் நகரத்துக் குடும்ப டாக்டர் ஜான் பிரீஸ் நோயாளியைப் பார்க்கும் அறையிலேயே கணிப்பொறியைப் பயன்படுத்திய முன்னோடி ஆனார். 1982இல் அரசாங்கம் ஒரு சோதனைத் திட்டம் வகுத்து, 150 மருத்துவ நிலையங்கள் சிறு கணிப்பொறி வாங்கச் செலவில் ஒரு பங்கைத் தந்தது. பயன் என்ன, இடர் என்ன என்று ஆராய்ந்த அறிக்கை 1985இல் வெளியாயிற்று. முதலில் கொஞ்சம் பேரிடம் கொடுத்து, அவர்கள் கையில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே மேலே செல்வது நல்ல முறையாகும்.

புதுக் கத்தி ஒன்று தோட்டத்துக்கு வந்தால் பால்மரம் சீவுகிறவர் என்ன செய்வார்? விளம்பரத்தைப் படித்துத் திருப்தி அடைவாரா? இருட்டு விலகாத காலை நேரத்தில், மரத்தருகே நின்று, தம் கையால் சீவிப் பார்ப்பார். பிடி கைக்கு அடங்குகிறதா? பட்டையின் ஆழம் தெரிகிறதா? மரத்தில் காயம் படுகிறதா? கத்தி எவ்வளவு கூர்மையானாலும் மரம் கெட்டால் அது ஆகாத கத்திதான். டாக்டரின் கருவியையும் இதே முறையில் மூன்று கேள்விகள் கேட்டுச் சோதிக்கலாம்.

முதல் கேள்வி: எழுதப்பட்டது உண்மையா? 1987இல் வேம்ப் என்ற நிறுவனம் டாக்டர்களுக்குக் கணிப்பொறியை இலவசமாகத் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு ஈடாக, நோயாளியின் பெயர் நீக்கிய குறிப்புகளை மருந்து ஆராய்ச்சிக்காக அவர்கள் தர வேண்டும். அந்தக் குறிப்புகளை நம்பலாமா என்று ஆய்வாளர்கள் ஐயுற்றனர். பெரிய மருத்துவமனை டாக்டர்கள் அனுப்பிய கடிதங்களை எடுத்து, அவற்றிலிருந்த நோய் கணிப்பொறியிலும் பதிவாகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டனர். 1991இல் வெளியான முடிவுப்படி, நூற்றுக்கு 87 பதிவாகியிருந்தன. நூற்றுக்கு 13 விடுபட்டிருந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தக் குறிப்புத் தொகுதி 1994இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதன் பயன் ஒன்றைத் தாய்மார்கள் அறிய வேண்டும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியால் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வருகிறது என்ற அச்சம் 1998க்குப் பிறகு பரவியது. 2004இல் ஆய்வாளர்கள் இந்தக் குறிப்புகளிலிருந்து ஆட்டிசம் முதலிய வளர்ச்சிக் குறை கண்ட 1,294 பேரையும், அக்குறை இல்லாத 4,469 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். தடுப்பூசிக்கும் அக்குறைக்கும் தொடர்பு தென்படவில்லை. டாக்டர்கள் அன்றாடம் எழுதி வைத்த சின்னஞ்சிறு வரிகளே ஒரு பெரிய அச்சத்துக்கு விடை தந்தன.

இரண்டாம் கேள்வி: கருவி டாக்டருக்கும் நோயாளிக்கும் குறுக்கே நிற்கிறதா? 1990களில் ஆய்வாளர்கள் சிலர், டாக்டரும் நோயாளியும் பேசுவதை வீடியோப் படமாக எடுத்துப் பார்த்தனர். டாக்டர் தட்டச்சுச் செய்யும்போது நோயாளி பேச்சை அடக்கிக்கொள்கிறார். விசைகளின் ஒலி ஓயும் நேரம் பார்த்து மீண்டும் பேசுகிறார். யாரும் சொல்லித் தராமலே மனிதர் இயந்திரத்துக்கு வழி விட்டு நின்றனர்!

நம் பாட்டிமார்களை எண்ணிப் பாருங்கள். முட்டி வலி என்றுதான் முதலில் சொல்வார்கள். எழுந்து போகும்போது கதவருகில் நின்று, “ராத்திரியில நெஞ்சை அடைக்குதுங்க” என்பார்கள். உண்மையான நோய் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டரின் காதில் அது விழுமா? விழாத சொல் எழுதப்படாது. எழுதப்படாத சொல் எந்த ஆராய்ச்சிக்கும் போய்ச் சேராது.

மூன்றாம் கேள்வி: கருவி எதை எழுத எளிதாக்குகிறது, எதைக் கடினமாக்குகிறது? கணிப்பொறி எண்ணிக் கணக்கிட வேண்டுமானால், நோய்களுக்குக் குறியீடு வேண்டும். லஃப்பரோ நகரத்துக் குடும்ப டாக்டர் ஜேம்ஸ் ரீட் 1980களில் அமைத்த குறியீட்டு முறை அந்நாடு முழுவதும் பரவியது. டாக்டர் சில எழுத்துகளைத் தட்டினால் திரையில் ஒரு பட்டியல் வரும்; அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலின் தலைப்பில் இருப்பது கைக்கு எளிது; அடியில் கிடப்பது கண்ணில் படாது.

இதனால் என்ன விளையும் என்பதற்குக் கோவிட் காலத்தில் சான்று கிடைத்தது. நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில் களைப்பும் மூச்சுத் திணறலும் நீடித்தவர்கள் உண்டு. அதற்கென 2020 இறுதியில் புதிய குறியீடுகள் வெளியிடப்பட்டன. 2021 ஏப்ரல் வரையிலான 5 கோடியே 80 லட்சம் பேரின் குறிப்புகளை ஆராய்ந்தபோது, 23,273 பேருக்கு மட்டுமே அந்தக் குறியீடு போடப்பட்டிருந்தது. நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மருத்துவ நிலையங்கள் ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தவில்லை. அங்கே பெரும்பாலான டாக்டர்கள் இரண்டு வகை மென்பொருள்களில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். ஒன்றில் பதிவான விகிதம் மற்றதைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு! ஒரே நாடு, ஒரே நோய். மென்பொருளின் அமைப்பும் இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

நேயர்களே, இதைச் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். தமக்கு நோயிருக்கிறது என்று ஒருவர் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம், டாக்டரும் நம்பியிருக்கலாம். ஆனாலும் கணக்கில் அவர் இல்லை. கணக்கில் இல்லாதவருக்கு மருந்தும் பணமும் ஒதுக்குபவர் யார்? டிரசர் நோட்டில் ‘காய்ச்சல்’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை நோய்கள் மறைந்து போயினவோ, அதே ஆபத்து கணிப்பொறியிலும் இருக்கிறது. கருவி புதிது; குறை பழையது.

இவை தவிர நம்பிக்கை என்று ஒன்றும் உண்டு. 2014இல் இங்கிலாந்து அரசாங்கம், குடும்ப டாக்டர்களிடமுள்ள குறிப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் திரட்டப் போவதாக வீடுதோறும் அறிக்கை அனுப்பியது. யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்று தெளிவாகச் சொல்லவில்லை என்று மக்களும் டாக்டர்களும் குறை கூறினர். திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டு 2016இல் கைவிடப்பட்டது. 2020இல் கோவிட் ஆராய்ச்சிக்கு வேறு வழி கண்டனர். குறிப்புகள் இருந்த இடத்திலேயே இருக்க, ஆய்வாளரின் கணக்கு மட்டும் அங்கே சென்று விடையைக் கொண்டுவந்தது. என்ன கணக்குப் போட்டார்கள் என்பதையும் யாரும் பார்க்கும்படி வெளியிட்டனர். அம்முறையில் 1 கோடியே 72 லட்சம் பேரின் குறிப்புகளைக் கொண்டு, கோவிட்டால் யாருக்கு ஆபத்து மிகுதி என்று சில மாதங்களிலேயே கண்டறிய முடிந்தது. வயது முதிர்ந்தோர், நீரிழிவு உள்ளோர் என்பவர்களோடு, வறுமையில் வாழ்வோரும் அந்தப் பட்டியலில் இருந்தனர்.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் கூறியிருக்கிறார். அந்த நான்கில் நோயாளிக்கு முதலிடம் தந்திருக்கிறார். ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

டாக்டரிடம் போகும்போது, முக்கியமான துன்பத்தை முதலில் சொல்லுவோம். கதவருகில் சொல்லலாம் என்று வைத்திருக்க வேண்டாம். டாக்டர் தட்டிக்கொண்டிருந்தால், “இதையும் எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர்” என்று பணிவோடு சொல்லுவோம். “எனக்கு என்ன நோய் என்று எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்பது குற்றமல்ல. வீட்டில் மருந்துச் சீட்டுகளையும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் பத்திரமாக வைப்போம். படித்த பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு துணைக்குச் செல்லட்டும். நாளை கணிப்பொறித் துறையில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கருவியைச் சோதிக்கும்போது, வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் மருந்தகத்தில், உங்கள் பாட்டி டாக்டரின் முன்னே அமர்ந்திருக்கும்போது சோதியுங்கள்.

குழந்தையின் வயிற்றில் மெல்லக் கை வைத்துப் பார்த்து எண்ணிய மருத்துவரையும், கட்டத்தாளில் நிறம் தீட்டிய கிராமத்து டாக்டரையும் நினைவில் கொள்வோம். எழுதும் கருவி எதுவாயினும், கேட்கும் காது முதலில் வேண்டும்.